ஓர் உடம்பில் மூன்று காய்ச்சல்

என் ராத்தாவுக்கு, கூடப்பிறந்த அக்காவுக்கு, மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு அவளுடைய வீட்டில் காய்ச்சல் பார்க்க மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, துப்பாக்கி மாதிரி நெற்றிக்கு நேரே பிடித்து அழுத்துகிற துவக்கு. அது நான் கொண்டுபோய் வைத்தது. இரண்டாவது, நாக்குக்குக் கீழே வைத்தால் கொஞ்ச நேரத்தில் கீச்சென்று சத்தம் போடுகிற குச்சி. அது ராத்தாவுடையது. மூன்றாவது அவளுடைய புருஷனின், அதாவது என் மச்சானின் கை. ஒரே ஆளை ஒரே கதிரையில் இருத்தி மூன்றாலும் பார்த்தால் மூன்று விடை வரும். துவக்கைக் கேட்டால் உடம்பு குளிர்ந்து ஆள் மௌத்தாகிவிட்டது என்று சொல்லும். குச்சி, எல்லாம் சுகம் என்று சொல்லும். மச்சானின் கை "சுடுது" என்று சொல்லும்.

மச்சானின் கைக்கு உலகத்தில் எல்லாரும் சுடத்தான் செய்வார்கள். அவர் முந்தல் பக்கத்து இறால் பண்ணைகளில் இறால் வாங்கி, ஐஸ் போட்டுப் பெட்டிகளில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்புகிறவர். விடியலில் இருந்து பகல்வரை கை ஐஸுக்குள்ளேதான். அந்தக் கையோடு வீட்டுக்கு வந்து யாருடைய கழுத்தைத் தொட்டாலும் "ஐயோ, இது நெருப்பு" என்பார். கல்யாணமான புதிதில் என்னையும் ஒருநாள் தொட்டுப் பார்த்துவிட்டுப் பனடோல் வாங்க ஓடினார். அவர் மீது எங்களுக்குப் பாசம் இருந்தது, அவருடைய கையின் மீது யாருக்கும் நம்பிக்கை இருக்கவில்லை.

ராத்தாவுக்கு மார்பில் கட்டி. வெட்டி எடுத்துவிட்டு, கொழும்பில் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். ஒவ்வொரு தடவை ஏற்றிவிட்டு அனுப்பும்போதும் டொக்டர் ஒரே விஷயத்தைச் சொல்லுவார். இந்த மருந்து கெட்டதோடு சேர்த்து நல்லதையும் அடிக்கும், ஏற்றி ஒரு கிழமை, ஏழெட்டு நாள், கழிந்ததும் இரத்தத்தில் நோயோடு சண்டை பிடிக்க ஆளே இருக்காது, அந்த நேரத்தில் கிருமி போனால் இருமலும் வராது, சீழும் வராது, காய்ச்சல் மட்டும்தான் வரும். வாயில் வைத்துப் பார்த்து நூறு தசம் நாலைத் தாண்டினால், மருந்து குடித்துப் பார்ப்போம், விடியட்டும் என்றெல்லாம் இருக்காமல் கிட்ட இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் ஆளைப் பிடித்து வைக்க முடியாது. இதை அவர் சிரிக்காமல் சொன்னார். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டேன். அதனால் எங்களுக்குக் காய்ச்சலின் எண் என்பது சும்மா எண் அல்ல. ராத்தாவின் உயிர் அந்த எண்ணில்தான் இருந்தது.

வாய்தான் என்று முடிவானதற்கும் காரணம் இருந்தது. வெட்டிய பக்கத்துக் கக்கத்திலும் கத்தி வைத்திருந்தார்கள். அங்கே ஒன்றையும் வைக்க முடியாது. மற்றக் கக்கத்தில் வைக்கலாம்தான், ஆனால் கையை ஒட்டிப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். மருந்து ஏற்றியவளுக்குக் கையை இறுக்கிப் பிடிக்கவும் தெம்பு இருக்காது. ஆகவே நாக்குக்குக் கீழே.

துவக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மதுரங்குளியில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கொரோனா முடிந்து பிள்ளைகளை மறுபடி எடுத்த நாட்களில், வாசலில் அந்தத் துவக்கோடு நிற்கிற வேலையை என் தலையில் கட்டினார்கள். முதல் நாளே எனக்குப் பைத்தியம் பிடித்தது. தார் றோட்டில் வெயிலுக்குள் நடந்து வந்த பிள்ளைகள் எல்லாருக்கும் காய்ச்சல். வாப்பாமாரின் மோட்டர்சைக்கிளில் முன்னால் இருந்து காற்று வாங்கிக்கொண்டு வந்த பிள்ளைகள் எல்லாரும், அந்தத் துவக்கின் கணக்குப்படி, போன கிழமையே செத்துப்போனவர்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்து அது நெற்றியில் வழிய வந்த ஒரு பிள்ளைக்கு மூன்று தரம் பார்த்து மூன்று எண் வந்தது. நெற்றி என்பது வீட்டு வாசல் போன்றது, வெயிலும் காற்றும் வந்து போகிற இடம், உள்ளே அடுப்பு எப்படி எரிகிறது என்று அங்கே நின்று சொல்ல முடியாது. பிறகு நான் எல்லாரையும் வேப்ப மர நிழலில் கொஞ்ச நேரம் இருத்தி, முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் பார்த்தேன். காய்ச்சல்காரர்கள் முக்கால்வாசிப் பேர் குணமாகிவிட்டார்கள். ஆகவே அந்தத் துவக்கை ராத்தாவின் வீட்டுக்குக் கொண்டுபோனபோதே, இது ஒரு பேச்சுத் துணைக்குத்தான் என்று எனக்குத் தெரியும்.

குச்சியை நம்பினோம். ராத்தாவை அதைவிட நம்பினோம். ராத்தா ஒழுங்குக்காரி. சோற்றுக்கு உப்பைக்கூடக் கைமதிப்பில் போட மாட்டாள், கரண்டியால்தான். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் பாருங்கள் என்று டொக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, மறக்காமல் இருக்க அதைத் தொழுகையோடு சேர்த்துக் கட்டினாள். பாங்கு கேட்கும், கிணற்றடிக்குப் போவாள், வாய், முகம், கை, கால் கழுவி ஒளுச் செய்வாள், வந்து கதிரையில் இருந்து குச்சியை வாயில் வைப்பாள், கீச்சென்றதும் எடுத்துப் பார்ப்பாள், பிறகு தொழுவாள். கட்டாரில் வேலை செய்கிற மகன் பகலில் போன் எடுத்தால் ஸலாம் சொன்னதும் அடுத்த கேள்வி, "எவ்வளவும்மா?" என்பதுதான். இவள், "தொண்ணூத்தேழரை, அல்ஹம்துலில்லாஹ்" என்பாள். நாங்கள் எல்லாரும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லுவோம். சுத்தமான வாயில் சுத்தமான குச்சி. இதைவிடச் சரியாக யார் செய்வார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

இரண்டாவது தடவை மருந்து ஏற்றிய பிறகு ஒரு நாள் அந்தக் குச்சியே நூற்றொன்றைக் காட்டியது. சிலாபத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். வாட்டில் கட்டில் கொடுத்து, நாளத்தில் ஊசி வழியாக மருந்து ஏற்றி, குணமாக்கி அனுப்பினார்கள். நல்லாகத்தான் பார்த்தார்கள், ஒரு குறையும் சொல்ல ஏலாது. ஆனால் ராத்தாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்களப் பெண் இருந்தாள். கடற்கரைப் பக்கம், மீன் விற்கிறவள், ராத்தாவின் வயதுதான், அதே வருத்தம், மார்பில் கட்டி. இருவருக்கும் தலையில் முடி இல்லை. ராத்தா தன் சால்வையை அவளுக்குக் கட்டிக் காட்டிச் சிரித்தாளாம். நான் கொண்டுபோன கஞ்சியில் பாதி அந்தக் கட்டிலுக்குப் போய்விடும், அங்கிருந்து வாழைப்பழம் இங்கே வரும். ஒருநாள் நான் போனபோது அந்தக் கட்டில் காலியாக இருந்தது, விரிப்பு மாற்றியிருந்தார்கள். ராத்தா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கஞ்சியை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அதைப் பற்றி ஒரு கதையும் இல்லை.

மூன்றாவது தடவை ஏற்றி வந்தபின் டொக்டர் சொன்ன அந்த மோசமான கிழமை வந்தது. ராத்தா ஒடுங்கிப்போயிருந்தாள். கோடை வெயில், காற்றில் அனல், நாங்கள் எல்லாரும் விசிறியைத் தேடுகிறோம், இவள் போர்வையைத் தேடுகிறாள். ஆனால் குச்சி தொண்ணூற்றொன்பதைத் தாண்டவில்லை. மச்சான் பகலில் வந்து அவளுடைய கழுத்தைத் தொட்டார்.

"புள்ள, இவவுக்குச் சுடுது."

"உங்கட கைக்கு ஐஸ் பெட்டியும் சுடும்" என்றேன் நான்.

"இல்ல புள்ள. இது வேற சூடு."

"மச்சான், நீங்க போய்க் கையச் சுடுதண்ணியில கழுவிட்டு வந்து தொடுங்க."

ராத்தா கட்டிலில் இருந்து சிரித்தாள். அவளைச் சிரிக்க வைத்ததில் எனக்குச் சந்தோஷம். மச்சான் பாவம், குசினிக்குப் போய் உண்மையாகவே வெந்நீரில் கையை வைத்துவிட்டு வந்து மறுபடி தொட்டார். கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே நின்றார். பிறகு முற்றத்துக்குப் போனார். எப்போதும் வாய் ஓயாத மனுஷன் பேசாமல் போனது எனக்கு என்னவோ செய்தது.

அந்த நேரம் நடுப்பகல் தொழுகையான லுஹருக்குப் பாங்கு கேட்டது. ராத்தா எழும்பினாள். அவளுக்குக் கிணற்றடிக்கு நடக்க முடியாது என்று குசினிக்குப் பின்னால் ஒரு வாளியும் கோப்பையும் வைத்திருந்தோம். விழுந்துவிடுவாளோ என்று பின்னாலேயே போனேன். அவள் வாளிப் பக்கம் போகவில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள். போர்த்திக்கொண்டு நடுங்குகிறவளுக்கு ஐஸ் தண்ணீர் எதற்கு என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தத் தண்ணீரை வாயில் எடுத்து, கன்னம் உப்ப வைத்துக்கொண்டு, நின்று, கொப்பளித்தாள். மறுபடி எடுத்தாள். மூன்றாவது தரமும் எடுத்து, நீண்ட நேரம் வைத்திருந்து துப்பினாள். பிறகு முகம், கை, தலை, கால் எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் கழுவினாள். வாய்க்கு மட்டும்தான் போத்தல் தண்ணீர்.

வந்து கதிரையில் இருந்து குச்சியை வாயில் வைத்தாள். தொண்ணூற்றெட்டு தசம் ஆறு.

நான் துவக்கை எடுத்து நெற்றியில் பிடித்தேன். ஈர நெற்றி, மேலே விசிறி சுற்றுகிறது. அது வழக்கம்போல மௌத்துச் செய்தி சொன்னது. ராத்தா தொழத் தொடங்கினாள். கதிரையில் இருந்தபடிதான் தொழுவாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டு யோசித்தேன்.

தேங்காய்ப்பாலும் முட்டையும் கலந்து வட்டிலப்பம் அவித்தால் ஓரத்தில் குத்திப் பார்த்து இறக்கமாட்டோம். ஓரம் முதலே இறுகிவிடும், நடு ஆடிக்கொண்டு இருக்கும். நடுவில் குத்தினால்தான் தெரியும். உடம்பும் அப்படித்தானே. நெஞ்சும் ஈரலும் குடலும் இருக்கிற நடுப்பகுதியில் ஒரு சூடு இருக்கிறது. அதுதான் உண்மைச் சூடு. அங்கே குச்சியை வைக்க முடியாது என்பதால் கிட்ட இருக்கிற ஓட்டைகளைத் தேடுகிறோம். பச்சைப் பிள்ளைகளுக்குப் பின்பக்கத்தால் வைக்கிறார்கள், அதுதான் நடுவுக்கு மிகக் கிட்ட. பெரிய மனுஷருக்கு அதைச் சொன்னால் அடி விழும். காது கொஞ்சம் கிட்ட. நாக்கின் அடி கொஞ்சம் கிட்ட, ஏனென்றால் அங்கே இரத்தம் தோலுக்கு மேலேயே ஓடுகிறது. கக்கம் தூரம், அது மூடி வைத்த தோல்தான், அதனால் எப்போதும் குறைத்துச் சொல்லும். நெற்றி வெளி வாசல். வாய் கிட்டத்தான், ஆனால் வாய்க்கும் ஒரு கதவு இருக்கிறது. தேத்தண்ணீர் போனால் ஏறும், ஐஸ் தண்ணீர் போனால் இறங்கும், வாயால் மூச்சு வாங்கினாலும் இறங்கும். கொரோனாக் காலத்தில் நூறு பிள்ளைகளின் நெற்றியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்த எனக்கு, ஒரு மனுஷி ஒவ்வொரு நாளும் என் கண்முன்னே வாயைக் கழுவிவிட்டுக் குச்சி வைத்தது ஏன் உறைக்கவில்லை? ஒளு என்பதால்தான். ஒளுவில் பிழை இருக்கும் என்று நாங்கள் யோசிப்பதில்லை. ஒளுவில் பிழையும் இல்லை. அதற்கு அடுத்ததாகக் குச்சியை வைத்ததில்தான் பிழை.

ராத்தா தொழுது முடித்து, ஸலாம் கொடுத்து, கையேந்தித் துஆக் கேட்டாள். இவ்வளவு நேரமும் அவள் தண்ணீர் குடிக்கவில்லை, வாய் மூடித்தான் இருந்தது. இதைவிட நல்ல நேரம் கிடையாது. முன்னால் போய் நின்றேன்.

"வாயத் திறங்க ராத்தா."

"இப்பத்தானே பாத்த."

"இன்னொருக்கா பாப்பம்."

"என்னத்துக்கு?"

"திறங்க எண்டு செல்றன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வாயைத் திறந்தாள். குச்சி கீச்சென்று கத்த எவ்வளவோ நேரம் எடுத்தது போல இருந்தது. நூற்றொன்று தசம் ஒன்று.

டொக்டர் சொன்ன எல்லையைத் தாண்டிவிட்டது என்று பயந்தேன். ஆனாலும் எதையோ கண்டுபிடித்துவிட்ட பெருமையும் கூடவே இருந்தது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். படபடவென்று விளக்கத் தொடங்கினேன். ஒளுச் செய்த வாயில் வைத்தால் குறைத்துத்தான் காட்டும் ராத்தா, வாய் குளிர்ந்திருக்கும், நீங்கள் தெரியாமல் இவ்வளவு நாளும், என்று நான் பாலர் வகுப்பு நடத்துகிறேன். அவள் கேட்டுக்கொண்டு இருந்தாள்.

"தெரியும் புள்ள" என்றாள்.

"என்ன தெரியும்?"

"முதல்ல தெரியாமத்தான் வச்சன். பொறகு ஒருநாள் தேத்தண்ணி குடிச்ச கையோட வச்சன், நூத்திரண்டு எண்டு காட்டிச்சி. பயந்துட்டன். தண்ணி குடிச்சிட்டு வச்சன், எறங்கிட்டு. அப்பவே வெளங்கிட்டு."

"அப்ப அந்தப் போத்தல் தண்ணி?"

அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எத்தின நாளா ராத்தா?"

"முந்தா நாள்ல இரிந்து குளிருது" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நான் கோபக்காரிதான், அது ஊருக்கே தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், உயிரைக் குளிர்சாதனப் பெட்டித் தண்ணீரில் மறைக்கிறவளை அன்றுதான் பார்த்தேன். கத்தினேன். மச்சான் முற்றத்தில் இருந்து ஓடிவந்தார். அவருடைய கை சரியாகத்தான் சொன்னது என்று தெரிந்ததும் அவர் சந்தோஷப்படவில்லை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் சென்னன்தானே" என்றுகூடச் சொல்லவில்லை. ஓட்டோவைக் கூப்பிடப் போனார்.

"நான் வாட்டுக்குப் போக மாட்டன்" என்றாள் ராத்தா. சத்தமே இல்லாமல் சொன்னாள். "அங்க போனா கட்டில் காலியாகிப் போகுது. நான் இஞ்சயே இரிக்கன். என்ட வீட்டுல, என்ட கட்டில்ல."

அப்போதுதான் எனக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த முதுகு விளங்கியது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்த வாட்டில் படுத்தவள் அவள், கஞ்சி கொண்டுபோனவள் நான். விரிப்பு மாற்றிய கட்டிலை நான் ஒரு தரம் பார்த்துவிட்டு பஸ் ஏறினேன். அவள் அதற்குப் பக்கத்தில் படுத்து விடியவிடியக் கிடந்தாள். என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவளுடைய காலடியில் நிலத்தில் இருந்தேன்.

"தொண்ணூறுல எங்கட சனத்த மன்னார்ல இருந்து விரட்டி, நாம வள்ளத்துல வரக்குள்ள என்னை யாரு தூக்கி வச்சிருந்த?" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன இப்ப."

"நீங்கதானே. நான் அழுறன் எண்டு வாயப் பொத்திப் பிடிச்சிக்கிட்டு வந்தீங்க. எனக்கு அந்தக் கடல் ஞாபகம் இல்ல ராத்தா. உங்கட கைதான் ஞாபகம் இரிக்கி. நீங்க இல்லாம எனக்கு இரிக்க ஏலாது. எனக்குப் பயமா இரிக்கி."

இதை நான் அதற்கு முன்னால் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் இப்படியெல்லாம் கதைக்கிற பழக்கம் இல்லை. கறி ருசி என்றுகூடச் சொல்ல மாட்டோம், இன்னொரு அகப்பை போட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். ராத்தா என் தலையில் கையை வைத்தாள். கை கொதித்தது. மச்சானைக் கூப்பிடத் தேவையில்லை, எனக்கே தெரிந்தது. வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் ஓட்டோ வாசலில் வந்து நின்றபோது புர்தாவை எடுத்துத் தா என்றாள்.

சிலாபம் வரைக்கும் அவள் என் தோளில் சாய்ந்து வந்தாள். மச்சான் முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் சாரதியை ஏசிக்கொண்டு வந்தார். முந்தல் தாண்டும்போது தண்ணீர் கேட்டாள். போத்தலை நீட்டியபோது என் கை ஒரு கணம் தயங்கியது. அவள் அதைக் கவனித்தாள். தாகத்துக்குத்தான் புள்ள என்றாள். குடித்தாள். காய்ச்சல்காரிக்குத் தண்ணீர் கொடுக்கத் தயங்கிய என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் அவளை முழுதாக நம்ப முடியவில்லை. வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பகுதியில் கதிரையில் இருத்தினார்கள். இளம் தாதி ஒருத்தி வந்தாள், சிங்களப் பிள்ளை, தமிழ் கொஞ்சம் விளங்கும். ராத்தாவின் நல்ல பக்கத்துக் கக்கத்தில் குச்சியை வைத்தாள். ராத்தாவின் கை தொளதொளவென்று விழுந்து கிடந்தது. தொண்ணூற்றொன்பது தசம் ஆறு. நான் உடனே குறுக்கிட்டேன். சிங்களத்தில் சொன்னேன், வீட்டில் வாயில் பார்த்தோம், நூற்றொன்றைத் தாண்டிவிட்டது, இவவுக்கு மருந்து ஏற்றியிருக்கிறது என்று. மருந்து ஏற்றியது என்றதும் அந்தப் பிள்ளையின் முகம் மாறியது. கக்கத்தில் எப்போதும் குறைத்துத்தான் வரும், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம், டொக்டருக்கு இப்போதே சொல்கிறேன், வாயிலும் ஒரு தரம் பார்த்து எழுத வேண்டும் என்றாள். பிறகு என் கையில் இருந்த போத்தலைப் பார்த்து, தண்ணீர் குடித்தாவா என்று கேட்டாள். இப்போதுதான் குடித்தா என்றேன். அப்படியென்றால் கால் மணித்தியாலம் பொறுத்துப் பார்ப்போம், அதுவரைக்கும் வாயில் ஒன்றும் படக் கூடாது, தண்ணீரும் படக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். மச்சான் சீட்டு எடுக்கப் போனார்.

நாங்கள் இருவரும் இருந்தோம். எங்கேயோ பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பாங்கு கேட்டது, தூரத்தில், வாகனச் சத்தத்துக்குள்ளே. ராத்தா கண்ணைத் திறந்தாள். கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். நடைவழியின் முடிவில் ஒரு கைகழுவுகிற தொட்டியும் பைப்பும் இருந்தன. அந்தப் பக்கம் நடந்தாள்.

நான் எழும்பவில்லை. பிடித்து இழுக்கலாம், கத்தலாம். அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறாள். வாழ்நாளில் பாங்கு கேட்டபின் தண்ணீரைத் தேடாமல் இருந்தவள் அல்ல. அவள் போவது தொழுகைக்கா, அந்த எண்ணை இறக்கவா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்காவது தெரிந்ததோ என்னவோ. இதை நான் தடுத்தால், நாளைக்கு வேறொரு பைப் இருக்கும், நாளை மறுநாள் வேறொரு போத்தல் இருக்கும். நான் எத்தனைக்குக் காவல் நிற்பது? யா அல்லாஹ், அவளாகத் திரும்ப வேண்டும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

பைப்பைத் திறந்தாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கையை நீட்டினாள் என்று நினைக்கிறேன், முதுகுதான் எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு தண்ணீர்ச் சத்தம் நின்றது. திரும்பி, வந்த மாதிரியே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தாள். முகம் காய்ந்துதான் இருந்தது, உதடும் காய்ந்து வெடித்திருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அஸருக்கு நேரம் இரிக்கி" என்றாள். "முதல்ல அவங்க பாக்கட்டும்."

தாதி வந்தாள். வாயைத் திறக்கச் சொல்லுமுன்பே ராத்தா திறந்தாள். நாக்கையும் தானே தூக்கிக் கொடுத்தாள். குச்சி வாயில் இருக்கும்போது என் புர்தாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள், கண்ணால் தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. கீச்சென்றது. நூற்றிரண்டு. தாதி திரும்பி டொக்டரைக் கூப்பிட்டாள், இரண்டு பேர் வந்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், வலது கையில் ஊசி ஏற்றிப் பிளாஸ்டர் ஒட்டினார்கள், மருந்துப் போத்தலைத் தொங்க விட்டார்கள். எல்லாம் கட்டிலை உள்ளே தள்ளுவதற்கு முன்னாலேயே நடந்தது. மருந்து சொட்டத் தொடங்கியதும் ராத்தா என்னைக் கூப்பிட்டாள்.

"இப்ப ஒளுச் செய்யலாமா எண்டு அந்தத் தாதி மிஸ்ஸிட்டக் கேளு. நேரம் போகுது."

கேட்டேன். பிளாஸ்டர் ஒட்டிய இடம் மட்டும் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள் அந்தப் பிள்ளை. ஒரு கோப்பையில் தண்ணீர் எடுத்து வந்தேன். ராத்தா இடது கையைக் குழிவாக்கி நீட்டினாள். வாய் கொப்பளிக்கிற தண்ணீரை நானே ஊற்றினேன்.